பாடும் பதிவும்

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டி, ஓதம் ஏறி இறங்கும் நீரோட்டத்துக்குக் குறுக்கே கழிகளை நட்டு வலை கட்டி இறால் பிடிப்பதற்கு உகந்த இடங்கள் சிலவே உள்ளன. வலை கட்ட விரும்புவோரோ பலர். இந்த நெருக்கடியை அங்குள்ள மீனவர்கள், எந்தச் சர்க்காரின் உத்தரவுக்கும் காத்திராமல், பல தலைமுறைகளுக்கு முன்னரே 'பாடு' என்னும் ஏற்பாட்டினால் தமக்குள் தீர்த்துக்கொண்டார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊராரும் முறைவைத்து இறங்குவதும், ஊருக்குள் இன்னாருக்கு இன்ன இடம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பதும் அதன் சம்பிரதாயம். இதில் நான் வியந்து நோக்குவது சீட்டை அன்று. சீட்டில் விழுந்த முடிவு கரையிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பதையே. தன் பாடல்லாத இடத்தில் ஒருவன் கழியை ஊன்றினால், அவன் வாயால் சொல்லும் நியாயம் எத்தனை இனிமையாக இருந்தாலும் யாரும் செவிசாய்ப்பதில்லை. இன்றைய முறையில் அவன் பெயர் உண்டா என்பது ஒன்றுதான் கேள்வி.

மின்னஞ்சல் உலகமும் இன்று இதே போன்ற ஒரு பாட்டு முறையினால்தான் ஒழுங்குபடுகிறது என்று சொன்னால் வாசகர் சற்றே திகைக்கக்கூடும். இந்தத் தொழிலில் பல வருஷங்கள் உழன்ற எனக்கே அது அந்த ஏரிக்கரையில்தான் தெளிவாகப் புலப்பட்டது. பழவேற்காட்டில் மீன்பிடித் தொழிலுக்கு அடுத்தபடியாகப் பிரசித்தமானது பெண்கள் முடையும் பனை ஓலைப் பொருள்கள். அவ்வாறு முடையும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு சிறு குழு, தனக்கென்று ஒரு டொமைன் பெயரை விலைக்கு வாங்கி, அதன்பேரில் மின்னஞ்சல் முகவரியும் அமைத்துக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் ஐந்நூறு ஓலைப்பெட்டிகளுக்கு விலை கேட்டு எழுதினார்கள். இவர்கள் அன்று மாலையே பதில் அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து அந்த வீட்டாரே தொலைபேசியில் கூப்பிட்டு, பதில் வராததால் வேறிடத்தில் சொல்லிவிட்டதாக வருத்தத்தோடு தெரிவித்தார்கள். பதில் போகாமலில்லை. போய், அவர்களுடைய ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்து கிடந்தது.

"தப்பா ஒண்ணும் எழுதலை சார். விலை, அளவு, போட்டோ, அவ்வளவுதான். எங்க லெட்டரை எதுக்குக் குப்பையில போடணும்?" என்றார் குழுவின் கணக்கை எழுதும் அம்மையார். கேள்வி நியாயமானது; ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் 1982ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அவ்வாண்டில் ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர், கணினிக்குக் கணினி மடல் கொண்டுசேர்க்கும் முறையை வரையறுத்து எழுதினார். எஸ்.எம்.டி.பி. என்று வழங்கும் அந்த நெறிதான், சிற்சில திருத்தங்களோடு, இன்றும் சர்வர்களுக்கிடையே மடலைச் சுமந்து திரிகிறது. ஒரு கணினி இன்னொரு கணினியின் 25ஆம் எண் வாசலில் நின்று, 'நான் இன்னார்' என்கிறது, 'இன்னாரிடமிருந்து மடல் கொண்டுவந்திருக்கிறேன்' என்கிறது, 'இன்னாருக்கு' என்கிறது, பின்னர் மடலை ஒப்புவித்துவிட்டு விடைபெறுகிறது. 'நீ இன்னார்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று திருப்பிக் கேட்பதற்கு அந்தச் சம்பாஷணையில் இடமே வைக்கப்படவில்லை. இதை அறியாமை என்று சொல்வது பாவம். அன்று அந்தப் பின்னலில் இருந்தவர்கள் பெரும்பாலும் சர்வகலாசாலையாரும் ஆராய்ச்சிக்கூடத்தாருமாக, ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரே குப்பத்தில் குடியிருப்பவன் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினால் யார் சாட்சி கேட்கப் போகிறார்கள்? பிறகு குப்பம் உலகமாக விரிந்துவிட்டது. கதவு மாத்திரம் பழைய கதவாகவே நின்றுவிட்டது. வங்கியின் பெயரிலும் வருமான வரி இலாகாவின் பெயரிலும் எவன் வேண்டுமானாலும் மடல் விடுக்கலாம் என்றாயிற்று. அதனால், மடல் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்வதை நம்புவதை விட்டுவிட்டு, அந்தப் பெயருக்கு உரியவரையே பகிரங்கமாக விசாரித்து அறியும் வழக்கம் மெல்ல மெல்ல உண்டாயிற்று. அப்படி விசாரிக்கும் இடத்துக்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர்.

அதுவும் ஆதியில் மடலுக்காக ஏற்பட்டதன்று. கணினிகளுக்கு எண்களே முகவரி. மனிதர்களுக்கு எண்கள் நினைவில் தங்குவதில்லை. எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற ஜாபிதாவை ஒரே கோப்பில் எழுதி, கலிபோர்னியாவில் ஒரு ஸ்தாபனத்தார் வைத்திருக்க, மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கோப்பு பெருத்துச் சமாளிக்க முடியாமற்போனபோது, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் அந்த ஒரே பேரேட்டைக் கிளை கிளையாகப் பிரித்து, அவரவர் கிளையை அவரவரே எழுதிக்கொள்ளட்டும் என்று ஒரு யுக்தி செய்தார். ஓலைப்பெட்டி.இந்தியா என்று ஒரு பெயர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதைப்பற்றி விசாரிக்கும் கணினி முதலில் மூலசர்வர் ஒன்றைக் கேட்கிறது. அந்த மூலத்துக்கு ஓலைப்பெட்டியைத் தெரியாது, '.இந்தியா' என்னும் கிளையை அறிந்தவர் இன்னார் என்று மட்டும் அது கை காட்டும். அந்தக் கிளையை நிர்வகிப்பது நிக்ஸி என்னும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற மையம். அதற்கும் ஓலைப்பெட்டியின் உள்விஷயம் தெரியாது. அந்தப் பெயரின் பேரேடு எந்தச் சர்வரில் இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். கடைசியாக அந்தச் சர்வரைக் கேட்டால்தான் உண்மை விடை கிடைக்கும். யாரும் எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. அறிந்தவரை அறிந்திருந்தால் போதும். பழவேற்காட்டில் ஒரு வீட்டை விசாரித்துக்கொண்டு போகிறவர், பேருந்து நிலையத்தில் ஒருவரையும் குப்பத்து முனையில் ஒருவரையும் தெருவில் ஒருவரையும் கேட்டுக்கொண்டு போவதில்லையா?

நம் நாட்டுக்கு '.இன்' என்னும் கிளை 1989இல் ஒப்படைக்கப்பட்டது. அப்போது இணையம் என்பது எர்நெட் என்ற கல்விப் பின்னலில் சேர்ந்திருந்த சில ஸ்தாபனங்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. சென்னை ஐ.ஐ.டி. அவற்றுள் ஒன்று. ஏரிக்கரையிலிருந்து சென்னை சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடந்து ஒரு டொமைன் பெயர் ஓலை முடையும் வீட்டுத் திண்ணைக்கு வந்துசேர ஒரு தலைமுறை பிடித்தது.

அந்தப் பேரேட்டில் மடல் சம்பந்தமாக எழுதப்படும் பதிவுகளுள் மூத்தது எம்.எக்ஸ்.; 1986ஆம் ஆண்டிலேயே அதன் முறை வகுக்கப்பட்டுவிட்டது. 'என் பெயருக்கு வரும் மடல்களை இன்ன சர்வரில் சேர்ப்பியுங்கள்' என்பதே அதன் சாரம். பெயர் ஓரிடம், பெட்டி வேறிடம் என்று இருக்கலாம். மத்திய சர்க்கார் ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் அஞ்சல் பெட்டிகள், தமிழ்நாட்டில் தலைமையிடம் கொண்ட ஸோஹோ கம்பெனியார் உருவாக்கிய அமைப்புக்கு மாற்றப்பட்ட செய்தியை 2025இல் பலரும் படித்திருப்பார்கள். ஊழியர்களின் முகவரி மாறவில்லை. முகவரிக்குப் பின்னாலிருந்த வீடுதான் மாறியது. பெயரையும் வீட்டையும் தனித்தனியே வைத்திருக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் இது சாத்தியமாகாது. ஒவ்வொரு எம்.எக்ஸ். பதிவுக்கும் ஓர் எண் உண்டு. எண் எத்தனைக்கெத்தனை சிறியதோ அத்தனைக்கத்தனை முதன்மை. 10 என்று எழுதிய சர்வர் கிடைக்காவிட்டால் 20 என்று எழுதியதை நாடுவார்கள். இந்த ஏரிக்கும் தெற்கே பழவேற்காட்டருகில் ஒரு வாயும் வடக்கே ராயதொருவுப் பக்கம் ஒரு வாயுமாகக் கடல் வழி உண்டு. மணல் சேர்ந்து வாய் தூர்ந்துபோனால் படகுக்காரர் படும் அவதி கொஞ்சநஞ்சமல்ல. மடலுக்கு அந்த அவதி குறைவு. எந்த வாசலும் திறக்கவில்லையென்றால் அனுப்பிய சர்வர் மடலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நாலைந்து நாள்வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்துவிட்டே கைவிடும்.

மேற்கண்ட குழுவின் எம்.எக்ஸ். பதிவில் குற்றம் எதுவும் இல்லை. அவர்களுக்கு மடல் வந்துகொண்டுதான் இருந்தது. வருவதற்கு ஒரு பதிவு போதும்; போவதற்குத்தான் மூன்று பதிவுகள் வேண்டியிருக்கிறது என்பது பெரும்பாலோர் அறியாத சங்கதி. குழுவிலேயே ஒருவருடைய மகள், பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பவள், தன் கைபேசியில் டொமைன் விற்றவர்களின் பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள். சிறிய திரை, அதில் இன்னும் சிறிய எழுத்து. விரலால் தள்ளிக்கொண்டே போனால், எஸ்.பி.எஃப். என்று தொடங்கும் வரிகள் ஒன்றுக்கு இரண்டாக இருந்தன.

எஸ்.பி.எஃப். பதிவுதான் உண்மையில் பாட்டுப் பட்டியல். 'என் பெயரால் மடல் இறக்க உரிமையுள்ள சர்வர்கள் இவை. இவையல்லாத எதுவும் என்னுடையதன்று' என்று டொமைன்காரர் உலகத்துக்கு எழுதி வைக்கும் ஒற்றை வரி அது. வரியின் முடிவில் 'ஆல்' என்று ஒரு சொல் வரும். 'மற்ற எல்லோரும்' என்பது அதன் பொருள். அதன் முன்னே கழித்தல் குறி இட்டால் மற்றவர்களை மறுத்துவிடுக என்றும், வளைந்த கோடு இட்டால் மற்றவர்களைச் சந்தேகத்தோடு நோக்குக என்றும் அர்த்தம். சிலர் அங்கே கூட்டல் குறி இட்டு, உலகத்தார் அனைவருக்கும் தம் பெயரைத் தாரை வார்த்துவிடுவதையும் கண்டிருக்கிறேன். குழுவின் கதைக்கு வருவோம். வலைப்பக்கத்துக்கு இடம் கொடுத்த கம்பெனி தானாகவே ஒரு பட்டியலை எழுதிவைத்திருந்தது. பிறகு மின்னஞ்சலுக்காக அமர்த்திய வேறொரு கம்பெனி, 'இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளவும்' என்று சொன்னபடி இவர்கள் இரண்டாவது வரியையும் சேர்த்திருந்தார்கள். ஒன்றுக்கு இரண்டு இருந்தால் பலம் இரட்டிக்கும் என்று எண்ணுவது மனித சுபாவம். ஆனால் விதி வேறு. ஒரு பெயருக்கு இரண்டு எஸ்.பி.எஃப். பட்டியல்கள் காணப்பட்டால், எதையும் படித்துப் பார்க்காமல், பதிவே பிழை என்று தள்ளிவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இதை நான் விளக்கியபோது அம்மையார், "கரையில ரெண்டு பேரு ஆளுக்கொரு சீட்டு எடுத்தாந்தா, யாரையும் எறங்க விட மாட்டாங்க சார்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். விதியை எழுதியவர்கள் அதற்கு இரண்டு மூன்று பத்திகள் செலவிட்டிருக்கிறார்கள். இரண்டு வரிகளையும் பிணைத்து ஒன்றாக்கினோம். அப்படிப் பிணைக்கும்போதும் ஓர் எல்லை உண்டு: 'அவருடைய பட்டியலையும் சேர்த்துப் பார்க்க' என்று வெளியாரின் பட்டியல்களைச் சுட்டிக்கொண்டே போனால், படிப்பவர் பத்துத் தரத்துக்கு மேல் டி.என்.எஸ்.ஸைக் கேட்க வேண்டிய நிலை வரும்போது, அலுத்துப்போய்ப் பதிவையே பிழை என்று விட்டுவிடுவார்.

எஸ்.பி.எஃப்.பில் ஒரு குறையும் உண்டு. அது மடலைக் கொண்டுவந்த ஆளைப் பார்க்கிறதே தவிர மடலைப் பார்ப்பதில்லை. நீங்கள் நண்பருக்கு விடுத்த மடலை அவருடைய பழைய கல்லூரி முகவரி வாங்கி இன்றைய முகவரிக்குத் திருப்பிவிட்டால், கடைசியில் கதவைத் தட்டுகிறவர் கல்லூரியார். உங்கள் பட்டியலில் கல்லூரியார் பெயர் இல்லை. குற்றமற்ற மடல் குற்றவாளியாகிறது. இதற்குப் பரிகாரமாக ஏற்பட்டதே டி.கே.ஐ.எம். என்னும் முத்திரை முறை. யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியே வகுத்த இரண்டு வழிகளை ஒன்றாக்கி 2007இல் இதை வெளியிட்டார்கள்.

முத்திரை என்றதும் பழவேற்காட்டில் நினைவுக்கு வருவது டச்சுக்காரர்கள். 1613இல் அவர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிபம் முழுவதற்கும் இதுவே தலைமையிடம். அந்நாளில் கப்பலேறிய கடுதாசிகள் அரக்கு முத்திரையை நம்பிப் பயணம் செய்தன. அரக்கு முத்திரையில் ஒரு முரண்பாடு இருக்கிறது: அதைப் பார்த்து மெய்யென்று தெளிய வேண்டுமானால் அசல் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், அசல் தெரிந்தவனுக்கோ அதைப் போலியாக வெட்டவும் தெரிந்துவிடும். கணித சாஸ்திரம் இந்த முடிச்சை அவிழ்த்திருக்கிறது. அனுப்பும் சர்வரிடம் ரகசியச் சாவி ஒன்று. அதற்கு இணையான பகிரங்கச் சாவி ஒன்று டி.என்.எஸ். பேரேட்டில். மடலின் உடலையும் முக்கியமான தலைப்பு வரிகளையும் வடிகட்டிச் சிறு எண்ணாகச் சுருக்கி, அதை ரகசியச் சாவியால் முத்திரையிட்டு மடலோடு அனுப்புகிறார்கள். பெறுபவர் பகிரங்கச் சாவியைக் கேட்டு வாங்கி முத்திரையைச் சோதிக்கிறார். சோதிக்க உலகத்தார் அனைவராலும் ஆகும். முத்திரையிட ஒருவரால் மட்டுமே ஆகும். மடல் எத்தனை கைகள் மாறி வந்தாலும் முத்திரை கெடுவதில்லை. ஆனால் விலை ரூ.85 என்று இருந்ததை நடுவழியில் ஒருவன் ரூ.35 என்று திருத்தினால் உடனே கெட்டுவிடும்.

குழுவின் பேரேட்டில் இந்தச் சாவியும் எழுதப்பட்டிருந்தது; ஆயினும் யாரும் அதைக் கண்டெடுக்க முடியாதபடி எழுதப்பட்டிருந்தது. பதிவின் பெயரை முழுமையாக, கடைசியில் டொமைனையும் சேர்த்தே எழுதிவிட்டிருந்தாள் அந்தப் பெண். அந்தப் பக்கமோ எழுதப்பட்ட எந்தப் பெயரின் பின்னும் டொமைனைத் தானே ஒட்டிக்கொள்ளும் வழக்கமுடையது. விளைவு, ஊர்ப்பெயரை இருமுறை எழுதிய விலாசம்போல, 'ஓலைப்பெட்டி.இந்தியா.ஓலைப்பெட்டி.இந்தியா' என்கிற, உலகத்தில் யாருமே கேட்கப்போகாத ஒரு பெயரின் கீழே சாவி தூங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பிழையைச் செய்தவர்களின் வரிசை நீளமானது; அதில் நானும் ஒருவன் என்று அவளிடம் சொன்னபோதுதான் அவள் முகம் தெளிந்தது.

இனி எஞ்சுவது டிமார்க். மடலுக்கு இரண்டு அனுப்புநர்கள் உண்டு: உறையின்மேல் எழுதப்பட்டவர் ஒருவர், உள்ளே தலைப்பில் காணப்படுபவர் ஒருவர். எஸ்.பி.எஃப். சோதிப்பது உறையை, படிப்பவர் கண்ணில் படுவது தலைப்பை. உறையில் தன் சொந்த டொமைனை ஒழுங்காக எழுதிச் சோதனையில் தேறிவிட்டு, தலைப்பில் உங்கள் வங்கியின் பெயரைப் பொறித்துவிடும் சாமர்த்தியசாலிக்கு முன்னைய இரண்டு பதிவுகளும் தடையல்ல. கண்ணுக்குத் தெரியும் பெயரோடு, தேறிய சோதனைகளுள் ஒன்றாவது பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதை டொமைன்காரரே சொல்ல வேண்டும் என்று 2012இல் சில பெரிய நிறுவனங்கள் கூடி வகுத்த ஏற்பாடு இது. சும்மா விட்டுவிடு, ஒதுக்கி வை, நிராகரி என மூன்று கட்டளைகள். முதல் கட்டளையில் தொடங்கி, பெரிய அஞ்சல் நிறுவனங்கள் நாள்தோறும் அனுப்பிவைக்கும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்து, தம் பெயரில் யார் யார் மடல் விடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே மற்றவற்றுக்குப் போவது உத்தமம். அவசரப்பட்டு முதல் நாளே 'நிராகரி' என்று எழுதியவர்கள் தம்முடைய மடலையே தாம் நிராகரித்துக்கொண்ட கதைகள் உண்டு.

2024 பிப்ரவரி முதல், பெருவாரியாக மடல் விடுப்போர் இம்மூன்றையும் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று ஜிமெயிலாரும் யாஹூவும் நிபந்தனை விதித்தார்கள். வாரத்துக்குப் பத்து மடல் எழுதும் ஓலைக்காரிகளுக்கு அந்த நிபந்தனை முழுவதும் பொருந்தாது. ஆனாலும் வடிகட்டும் இயந்திரத்துக்கு அறிமுகமில்லாத ஒரு சிறு பெயரின்மேல் இயல்பாகவே சந்தேகம் அதிகம். பெரியவனுக்குப் பெயரே சாட்சி, சிறியவனுக்குச் சாட்சியே பெயர். இதை நான் முழு நியாயம் என்று ஒப்புக்கொள்ளத் தயாரில்லை. பாட்டு விதியைக் கரையிலிருந்தவர்கள் கூடி வகுத்தார்கள். இந்த விதிகளை யாரும் படித்துப் பார்க்கலாம் என்றாலும், யார் மடலை எந்தப் பெட்டியில் போடுவது என்ற இறுதித் தீர்ப்பு நாலைந்து கம்பெனிகளின் கையில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பின் காரணத்தை அவர்கள் வெளியிடுவதும் இல்லை.

திருத்தங்களை எழுதி முடித்தபோது பகல் பதினொரு மணி. புதிய பதிவு உலகம் முழுவதும் 'பரவுவதற்கு' நேரம் ஆகும் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. ஒருமுறை கேட்டறிந்த விடையை எத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு பதிவிலும் எழுதியிருக்கும். கேட்டவர்களிடமிருக்கும் பழைய விடை அந்தக் கெடு தீர்ந்து காலாவதியானதும் அவர்கள் மறுபடி வந்து கேட்கிறார்கள், அவ்வளவுதான். இங்கே எழுதியிருந்தது 14,400 விநாடி. நான்கு மணி நேரம். நான் கரைப்பக்கம் நடந்து போனேன். ஏலம் முடிந்து, பனிக்கட்டிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

மூன்றரை மணிக்குத் திரும்பி வந்து, என் முகவரிக்கு ஒரு மடல் அனுப்பச் சொல்லி, அதன் மூலவடிவத்தைக் காட்டும் பக்கத்தைத் திறந்து அந்தப் பெண்ணிடமே நீட்டினேன். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே சொல். "மூணுலயும் பாஸ் சார்" என்றாள்.

அம்மையார் அத்தனை சுலபமாகத் திருப்தியடையவில்லை. "இது எத்தனை நாளைக்கு சார்?" என்று கேட்டார். டொமைன் பெயருக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும், தவறினால் பதிவுகள் அத்தனையும் பெயரோடு சேர்ந்து போய்விடும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பெயர் யார் கணக்கில் வாங்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தோம். மீஞ்சூரிலிருக்கும் அவருடைய அண்ணன் மகன் பெயரில், அவன் எப்போதோ மாற்றிவிட்ட கைபேசி எண்ணில் இருந்தது, ஓ.டி.பி. போனால் அந்த எண்ணுக்குத்தான் போகும். அவர் ஒன்றும் பேசவில்லை. சுவரிலிருந்த மாதக் காலண்டரை எடுத்து மடியில் வைத்து, தாள்களைப் புரட்டி, பணம் கட்ட வேண்டிய தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். பிறகு மருமகனைப் பிடிக்கச் சொல்லிப் பெண்ணிடம் கைபேசியைக் கொடுத்தார்.